பாட்டு இருந்த வீட்டில் சண்டை இல்லை

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய சிட்காம்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரே கதையைத்தான் மாற்றமில்லாமல் சொல்லிவருகிறார்கள். 1950-களில் ராக் இசை வந்தது. மகன் கிட்டாரை எடுத்தான். அப்பா அந்த இரைச்சலை நிறுத்தச் சொன்னார். தொலைக்காட்சி அப்பா பக்கம் நின்று பல வருடங்கள் அந்த இசையைக் கேலி செய்தது. பிறகு காலம் மாறியது, இசை வென்றது, தொலைக்காட்சியும் மனம் மாறியது. ஆகவே அந்தத் தொடர்கள் ஒரு தலைமுறைப் போரின் ஆவணங்கள் என்று முடிக்கிறார்கள். வீட்டில் சத்தத்துக்காக ஒருமுறையாவது திட்டு வாங்கியவர்களுக்கு, அதாவது எல்லோருக்கும், இந்தக் கதை உடனே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் தொடர்களை வரிசையாக எடுத்துவைத்துப் பார்த்தால் அது நிற்பதில்லை.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைய சிட்காம் எழுத்தாளர்களில் பலர் வானொலி நகைச்சுவையிலும் மேடை வேடிக்கைகளிலும் பழகி வந்தவர்கள். அவர்கள் காது ராக்குக்கு முந்தைய காது. 1964-இல் பீட்டில்ஸ் குழு அமெரிக்காவில் கால்வைத்ததும் சிட்காம்களில் பூச்சிப் பெயர் கொண்ட போலிக் குழுக்கள் புறப்பட்டன. ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ தொடரில் 1965-இல் ‘கொசுக்கள்’ வந்தார்கள். ‘எஃப் ட்ரூப்’ தொடரில் 1967-இல் ‘மூட்டைப்பூச்சிகள்’ வந்தார்கள். 1968-இல் ‘கெட் ஸ்மார்ட்’ தொடரில் ஒரு வில்லன் ராக் இசையைக் கொண்டே இளைஞர்களின் மூளையை வசப்படுத்தத் திட்டம் போட்டான். பரட்டைத் தலை, புரியாத பேச்சு, அலறும் பெண் ரசிகைகள் என்று எல்லாமே சிரிப்புக்கு ஆயின. இதைப் பார்த்து ‘பெரியவர்களின் வெறுப்பு’ என்று ஒருவர் முடிவுகட்டினால் அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். என் மறுப்பு அந்த முடிவின்மேல்தான்.

1. காலவரிசையே இந்தக் கதைக்கு எதிராக இருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லி மில்டன் பெர்ல் நிகழ்ச்சியில் இடுப்பை ஆட்டி அமெரிக்காவையே அதிரவைத்தது 1956 ஜூனில். அடுத்த வருடம் ஏப்ரல் 10 அன்று, நாட்டின் மிகச் சாதுவான குடும்பத் தொடரான ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ஆஸி அண்ட் ஹாரியட்’டில், பதினாறு வயது ரிக்கி நெல்சன் ராக் பாடிவிட்டான். ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டியவர் அப்பா ஆஸி நெல்சன். 1930-களில் நடனக்குழு நடத்திய இசைக்காரர் அவர். மனைவி ஹாரியட் அதே குழுவின் பாடகி. தொடரைத் தயாரித்ததும் இயக்கியதும் ஆஸிதான். மகன் பாடினால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். சீக்கிரமே பல அத்தியாயங்கள் ரிக்கியின் பாட்டோடு முடியத் தொடங்கின. கதைக்கும் அந்தப் பாட்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. 1958 ஆகஸ்டில் பில்போர்டு இதழ் ‘ஹாட் 100’ பட்டியலைத் தொடங்கியபோது அதன் முதல் முதலிடம் ரிக்கியின் ‘புவர் லிட்டில் ஃபூல்’ பாடலுக்குப் போனது. ஆஸிக்கு அந்த இசை உள்ளூரப் பிடித்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. தொடரை நடத்திய அப்பாவே மகனின் இசைத்தட்டுக்கு வாரந்தோறும் மேடை போட்டுக்கொடுத்தார். இதில் மோதல் எங்கே இருக்கிறது?

ஒரு வீட்டை வைத்துப் பேசாதே என்பார்கள். சரி, அடுத்த வீட்டுக்குப் போகலாம். ‘தி டோனா ரீட் ஷோ’வில் மகளாக நடித்த ஷெல்லி ஃபேபரேயின் ‘ஜானி ஏஞ்சல்’ 1962-இல் முதலிடம் பிடித்தது. மகனாக நடித்த பால் பீட்டர்சனும் அதே வருடம் ஒரு வெற்றிப்பாடல் தந்தார். அதன் தலைப்பு ‘மை டாட்’. தலைமுறைப் போர் உச்சத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் சிட்காம் மகன் விற்ற பாட்டு, அப்பாவைப் புகழும் பாட்டு.

இன்னும் கொஞ்சம் கல்லாப்பெட்டிப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். ‘டோனா ரீட்’ தொடரைத் தயாரித்தது கொலம்பியா பிக்சர்ஸின் தொலைக்காட்சிப் பிரிவான ஸ்கிரீன் ஜெம்ஸ். அந்தப் பிள்ளைகளின் இசைத்தட்டுகளை வெளியிட்ட கோல்பிக்ஸும் கொலம்பியாவின் நிறுவனம்தான். நீளமுடி இளைஞர்களின் கலகம் என்று கொண்டாடப்பட்ட ‘தி மங்கீஸ்’ தொடரும் ஸ்கிரீன் ஜெம்ஸ் தயாரிப்பு. அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து பாடிய ‘தி பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி’யும் அதே. மங்கீஸ் குழுவின் ‘லாஸ்ட் ட்ரெயின் டு கிளார்க்ஸ்வில்’லை எழுதிய டாமி பாய்ஸ், பாபி ஹார்ட் இருவரும் அதே நிறுவனத்தின் ‘பிவிட்ச்ட்’, ‘ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி’ தொடர்களில் விருந்தினராக வந்து போனார்கள். அடக்கமான பிள்ளையும் அடங்காத பிள்ளையும் ஒரே கடையின் சரக்கு. கடைக்காரருக்கு எந்தக் கட்சியும் இல்லை.

2. கேலி என்பது வெறுப்பு அல்ல. யாரை நோக்கிச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல், சிரிப்பு கேட்டதுமே பகை என்று முடிவுகட்டுவது விமர்சகனுக்கு அழகில்லை. ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ 1961 அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ராக் நட்சத்திரமாவது எதிர்வீட்டுப் பையன் இல்லை, கல்குவாரியில் வேலை பார்க்கும் ஃபிரெட்டேதான். அவனை நாடு முழுக்க இழுத்தடிக்கும் ‘கர்னல்’, எல்விஸின் மேலாளரான கர்னல் டாம் பார்க்கரின் நகல். ஊர் ஊராகச் சுற்றி அலுத்துப்போன மனைவி வில்மா, ஃபிரெட் ஒரு பழைய பஞ்சாங்கம் என்று இளசுகளிடம் வதந்தி பரப்புகிறாள். ஒரே நாளில் சந்தை சரிகிறது. இங்கே சிரிப்புக்கு ஆளாவது ஆளை உருவாக்கி ஆளைக் கவிழ்க்கும் வியாபாரம். கில்லிகன் தீவின் கொசுக்களும் அப்படித்தான். தீவில் சிக்கிய பெண்கள் சேர்ந்து ‘தேனீக்கள்’ என்று ஒரு குழு தொடங்கிப் பாடிக்காட்டுகிறார்கள். நன்றாகவே பாடிவிடுகிறார்கள். எங்கே போட்டியாக வந்துவிடுவார்களோ என்று பயந்து கொசுக்கள் அவர்களை விட்டுவிட்டுத் தப்பிப் போகிறார்கள். தொழில் பொறாமை என்பதைத் தவிர அந்த நகைச்சுவைக்கு வேறு உட்கருத்து கிடையாது.

‘பிராடி பஞ்ச்’ 1973-இல் இதைப் போட்டு உடைத்தது. மூத்த மகன் கிரெக்கை ஒரு இசை நிறுவனம் ‘ஜானி பிராவோ’ என்ற புதுப் பாடகனாக்கத் தேர்ந்தெடுக்கிறது. குரலுக்காக அல்ல. அவர்கள் தைத்து வைத்திருந்த பளபள உடை அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது, அவ்வளவுதான். தொலைக்காட்சிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். 1965-இல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து நால்வரைப் பொறுக்கி மங்கீஸ் குழுவைக் கட்டியவர்கள் அவர்களே. ராக்கை வெறுத்தவன் இப்படி எழுதமாட்டான். ராக் விற்றவனுக்குத்தான் இந்த உள்விவகாரம் தெரியும்.

இன்னொன்று. ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடரில் 1965-இல் வந்த ‘போ பிரம்மல்ஸ்டோன்ஸ்’, போ பிரம்மல்ஸ் என்ற நிஜக் குழு. தங்கள் சொந்த வெற்றிப்பாடலைக் கார்ட்டூன் உருவத்தில் பாடிவிட்டுப் போனார்கள். ‘டிக் வான் டைக் ஷோ’வில் ஆங்கிலேய இரட்டையராக வந்து ரகளை கிளப்பியவர்கள் சாட், ஜெரமி என்ற நிஜ இரட்டையர். கேலி என்று நாம் எண்ணுவதில் பாதி, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யப்பட்ட விளம்பரம்.

3. வயதுச் சண்டை ஒரு திரை. மற்ற மறுப்புகளை விட்டுவிட்டாலும் இதை விடமாட்டேன். 1950-களில் ராக் இசை அமெரிக்காவின் ஒரு பகுதியை ஏன் அவ்வளவு கொதிக்கவைத்தது? சத்தத்துக்காகவா? 1956-இல் அலபாமாவில் ஏசா கார்ட்டர் என்பவரின் வெள்ளையர் கவுன்சில் இந்த இசைக்கு எதிராகப் பிரசாரம் செய்தது. அவ்வருடம் ஏப்ரல் 10 அன்று பர்மிங்ஹாமில், வெள்ளையர் மட்டும் கூடியிருந்த அரங்கில் பாடிக்கொண்டிருந்த நாட் கிங் கோலை அந்தக் கூட்டத்து ஆட்கள் மேடையேறித் தாக்கிக் கீழே தள்ளினார்கள். கோல் ராக் பாடகரே அல்ல. மென்மையான காதல் பாட்டுகள் பாடியவர், அதே அலபாமாவில் பிறந்தவர். இசை இரைச்சலாக இருந்தது என்று தாக்கியவர்களே சொல்ல முடியாது. பாடியவரின் தோல் நிறம்தான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

சரியாக ஒரு வருடம் கழித்து, அதே ஏப்ரல் 10 அன்று, ரிக்கி நெல்சன் சிட்காமில் பாடினான் என்றேனே, அந்தப் பாட்டு ‘ஐ’ம் வாக்கின்’. நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த கறுப்பின இசைக்கலைஞர் ஃபாட்ஸ் டாமினோவின் பாட்டு அது. அப்போதுதான் வெளிவந்து ஓடிக்கொண்டிருந்தது. ரிக்கியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவர் நல்ல பாடகர். லூயிசியானாவின் ஜேம்ஸ் பர்ட்டனைக் கிட்டாருக்கு வைத்துக்கொண்ட அவர் காது தேர்ந்த காது. ஆனால் தொடர் என்ன செய்தது என்று பாருங்கள். ஒரு கறுப்பரின் பாட்டு வெள்ளையர் வீட்டுக்குள் நுழைந்தது. அதை உருவாக்கியவர் வாசலுக்கு வெளியே நின்றார். வீட்டுக்குள் நுழைந்த பிறகு அது அப்பா, மகன் சமாசாரமாக ஆகிவிட்டது.

அதே 1957-இல், அதே ஏ.பி.சி. அலைவரிசையில், ஆலன் ஃபிரீட் ‘தி பிக் பீட்’ என்ற ராக் நிகழ்ச்சியை நடத்தினார். பதினான்கு வயதுக் கறுப்பினப் பாடகன் ஃபிராங்கி லைமன் அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு ஆடினான். தென்மாநில நிலையங்கள் கொதித்தன. சீக்கிரமே நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். லைமனுக்குப் பதினான்கு, ரிக்கிக்குப் பதினாறு, பதினேழு. ஒரே தலைமுறை, ஒரே வருடம், ஒரே அலைவரிசை. ஒருவனுக்கு வாரந்தோறும் மேடை கிடைத்தது. இன்னொருவன் ஒருமுறை ஆடியதற்கு நிகழ்ச்சியே மூடியது. தலைமுறை மோதல் என்ற விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு பையன்களையும் யாராவது விளக்கட்டும்.

வயதுச் சண்டை தொலைக்காட்சிக்கு வசதியான சண்டை. அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். பையன் எப்படியும் ஒருநாள் அப்பாவாகிவிடுவான். விளம்பரதாரர் யாரும் முகம் சுளிக்கமாட்டார். நிறவெறியோ வியட்நாமோ அப்படித் தீராது. 1964 முதல் 1969 வரை ஓடிய ‘கோமர் பைல்’ ஒரு மரைன் படை வீரனைப் பற்றிய சிட்காம். போர் உச்சத்தில் இருந்த ஐந்து பருவங்களிலும் அவன் வியட்நாம் பக்கமே போகவில்லை. ‘லாஸ்ட் ட்ரெயின் டு கிளார்க்ஸ்வில்’, போருக்குப் புறப்படும் ஒருவன் காதலியிடம் விடைபெறும் பாட்டுதான் என்று பாபி ஹார்ட் பின்னாளில் சொன்னார். 1966-இல் அதைக் கேட்டுத் துள்ளிய பிள்ளைகளுக்கு அது ரயில் பாட்டாகத்தான் போய்ச் சேர்ந்தது.

4. ராக் குடியிருந்த சிட்காம் வீடுகளில் மோதலே இல்லை. நெல்சன் வீட்டில் அப்பாவே மேலாளர். மங்கீஸ் வீட்டில் அப்பா அம்மா யாருமே இல்லை. கடற்கரை வீடு, நான்கு பையன்கள், வாடகை பாக்கி. பார்ட்ரிட்ஜ் வீட்டில் அப்பா கதை தொடங்கும் முன்பே இறந்துபோகிறார். அம்மாவே குழுவில் சேர்ந்து பாடுகிறார். சண்டை போட ஆளே வைக்காத வீடுகளைக் காட்டித் தலைமுறைப் போர் என்பது வேடிக்கை.

மங்கீஸ் விஷயத்தில் ஒரு நிஜமான மோதல் நடந்தது. அது எந்த அத்தியாயத்திலும் வரவில்லை. இசைத்தட்டுகளில் வாசித்தவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்த ஸ்டூடியோ கலைஞர்கள். நாங்களே வாசிக்க வேண்டும் என்று நால்வரும் கேட்டார்கள். இசைப் பொறுப்பில் இருந்த டான் கிர்ஷ்னர் மறுத்தார். பேச்சுவார்த்தைக்கு நடுவே நால்வரில் ஒருவரான மைக்கேல் நெஸ்மித் ஓட்டல் அறைச் சுவரில் ஓட்டை விழக் குத்தினார். 1967-இல் கிர்ஷ்னர் வெளியேற, அவர்களே வாசித்த ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ இசைத்தட்டு வந்தது. அப்போது கிர்ஷ்னருக்கு முப்பத்திரண்டு வயது, நெஸ்மித்துக்கு இருபத்துநான்கு. இது தலைமுறைச் சண்டையா? உழைக்கிறவனுக்கும் உரிமையாளனுக்கும் நடந்த சண்டை. கிர்ஷ்னர் அடுத்துப் போய் ‘ஆர்ச்சீஸ்’ என்ற கார்ட்டூன் குழுவுக்குப் பாட்டு சேர்த்தார். ‘ஷுகர், ஷுகர்’ 1969-இன் மிகப் பெரிய பாட்டானது. வரைந்த உருவங்கள் சுவரில் குத்துவதில்லை.

5. நிஜமாகச் சண்டை போட்ட சிட்காமில் ராக்குக்கு வேலையில்லை. 1971-இல் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’யைத்தான் எதிர்த்தரப்பு துருப்புச்சீட்டாக எடுத்துப்போடும். மாமனார் ஆர்ச்சி பங்கர் ஒருபக்கம், நீளமுடி மருமகன் மைக் இன்னொரு பக்கம். ஆனால் அவர்கள் எதற்காகக் கத்திக்கொள்கிறார்கள்? பக்கத்து வீட்டுக் கறுப்பர் குடும்பத்துக்காக, நிக்சனுக்காக, போருக்காக, பெண்களின் உரிமைக்காக, மைக் வேலைக்குப் போகாமல் மாமனார் வீட்டில் சாப்பிடுவதற்காக. கிட்டாருக்காக அல்ல. அந்தத் தொடரில் நம் நினைவில் நிற்கும் பாட்டு ஆர்ச்சியும் மனைவி எடித்தும் பியானோ முன்னால் உட்கார்ந்து பழைய காலத்துக்கு ஏங்கிப் பாடும் முகப்புப் பாட்டு. அதை உருவாக்கிய சார்ல்ஸ் ஸ்ட்ரௌஸும் லீ ஆடம்ஸும்தான் 1960-இல் எல்விஸ் மோகத்தைக் கிண்டல் செய்த ‘பை பை பேர்டி’ இசைநாடகத்துக்கும் பாட்டமைத்தவர்கள். பதினொரு வருடத்துக்குள் அதே கைகள் ஒரு மேடையில் இளசுகளின் மோகத்தையும் இன்னொரு மேடையில் பெரிசுகளின் ஏக்கத்தையும் பாட்டாக்கின. பணி நேர்த்தி என்றால் இதுதான்!

வயதுக் கணக்கும் அங்கே உதைக்கிறது. தொடரை உருவாக்கிய நார்மன் லியர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். கதைப்படி ஆர்ச்சியும் அதே போரின் வீரர். ஒரே தலைமுறை. 1976 கிறிஸ்துமஸ் நாளில் வந்த அத்தியாயத்தில், போருக்குப் போக மறுத்துக் கனடாவுக்கு ஓடிய மைக்கின் நண்பன் விருந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறான். வியட்நாமில் மகனைப் பறிகொடுத்த ஆர்ச்சியின் நண்பரும் அதே மேசையில். ஆர்ச்சி வெடிக்கிறார். மகனை இழந்த அந்த மனிதரோ அந்தப் பையனுக்குக் கைகொடுக்கிறார். இரண்டு கிழவர்களுக்கு நடுவில்தான் அன்று பிளவு விழுந்தது.

6. இந்தப் பொய் நினைவு எங்கிருந்து வந்தது? என் ஊகம் ‘ஹேப்பி டேஸ்’. 1974-இல் அது தொடங்கியபோது முகப்புப் பாட்டு பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் த கிளாக்’. 1955-இல் அந்தப் பாட்டைப் பிரபலமாக்கியது ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ படம். நியூயார்க்கின் ஒரு கொந்தளிக்கும் தொழிற்பள்ளி, சிட்னி பாய்ட்டியே நடித்த கறுப்பின மாணவன், வெறுத்துப்போன ஆசிரியர்கள் என்று போகும் படம். இருபது வருடத்துக்குள் பாட்டிலிருந்து பள்ளியும் வறுமையும் நிறமும் வழித்தெடுக்கப்பட்டு, ஜூக்பாக்ஸும் மில்க் ஷேக்கும் மிஞ்சின. இன்று ஐம்பதுகள் என்றதும் நமக்குத் தோன்றும் படம் எழுபதுகளில் செய்தது.

7. கடைசியாக அவர்களின் மிகச் சிறந்த சாட்சி. ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’, 1978 முதல் 1982 வரை. வயோதிகருக்கான மெல்லிசை ஒலிபரப்பிக்கொண்டிருந்த ஒரு வானொலி நிலையம் முதல் அத்தியாயத்தில் ராக்குக்கு மாறுகிறது. ராக்கைப் பற்றி வந்த சிட்காம்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதன் ராக் நாயகன் டாக்டர் ஜானி ஃபீவர் இளைஞன் அல்ல, பல நிலையங்களில் அடிபட்டு வந்த நடுவயது மனிதன். 1981-இல் வந்த அத்தியாயம் ஒன்றில், ஆபாசப் பாட்டுகளை நிறுத்தாவிட்டால் விளம்பரங்களை முடக்குவேன் என்று ஒரு மதபோதகர் மிரட்டுகிறார். ஜான் லென்னனின் ‘இமேஜின்’ வரிகளை நீட்டி, இதையும் தடை செய்வீர்களா என்று அவரை மடக்குவது அலுவலகத்திலேயே மிகப் பழைய மனிதரான கார்ல்சன். நிலையத்தின் உரிமையாளரான அவருடைய அம்மா ஏன் அந்த நிலையத்தை அப்படி நடத்தினார் என்பது கடைசி அத்தியாயத்தில் தெரிகிறது. அவருக்கு அது வரிக்கணக்கில் நட்டம் காட்டுவதற்கான நிலையம். ராக் வந்து நிலையம் பிழைத்துக்கொண்டதுதான் அவருடைய பிரச்சினை. நான்கு வருடம் தலைமுறைச் சண்டை என்று நாம் பார்த்துக்கொண்டிருந்தது வருமானவரிச் சமாசாரம்.

அந்தத் தொடரின் இன்னொரு அத்தியாயம் சிரிப்பதற்கு அல்ல. 1979 டிசம்பர் 3 அன்று சின்சினாட்டியின் ரிவர்ஃபிரண்ட் கொலிசியத்தில் ‘தி ஹூ’ குழுவின் நிகழ்ச்சிக்கு நுழையும்போது நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். ராக் வெறி பிடித்த காட்டுமிராண்டிகள் என்று இளைஞர்கள்மேல் பழி போட்டவர்கள் உண்டு. தலைமுறைக் கதை கைவசம் இருந்ததால் பழி தயாராக இருந்தது. நிஜக் காரணம் இருக்கை எண் இல்லாத நுழைவுச்சீட்டு: முந்தியவருக்கு முன்னிடம். வெளியே ஆயிரக்கணக்கில் கூட்டம், திறந்த கதவுகளோ மிகச் சில. 1980 பிப்ரவரியில் வந்த அத்தியாயத்தில் நிலையத்தின் ஊழியர்கள் அந்த இருக்கை முறையைப் பெயர் சொல்லியே குற்றம் சாட்டினார்கள். அந்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்த தங்களையும் கேள்வி கேட்டுக்கொண்டார்கள். சின்சினாட்டி நகரம் அந்த முறைக்குத் தடை போட்டது. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று சொல்லி அந்தச் சாவுகளை மூடியிருந்தால் கதவுகளைப் பற்றி யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.

மனம் திருந்திய தொலைக்காட்சி கடைசியில் ராக்கை ஏற்றுக்கொண்டது என்ற முடிவுரைக்கும் இந்தத் தொடரே பதில். டபிள்யூ.கே.ஆர்.பி.யில் அன்றைய நிஜப் பாட்டுகள் ஒலித்தன. ஒளிநாடாவில் பதிவாகும் நிகழ்ச்சிகளுக்கு அப்போது பாட்டு உரிமம் மலிவு என்பதால் அது முடிந்தது. உரிமக் காலம் தீர்ந்ததும் மறுஒளிபரப்புகளில் பாட்டுகளை நீக்கிவிட்டு, பெயர் தெரியாத ஏதோ இசையை நிரப்பினார்கள். பாட்டோடு கலந்திருந்த வசனங்களை வேறு குரல்களில் திரும்பப் பேசவைத்ததும் நடந்தது. பல வருடங்கள் ரசிகர்கள் பார்த்தது ராக் இல்லாத ராக் நிலையத்தை. 2014-இல் வந்த முழுத் தொகுப்பில்தான் பெரும்பாலான பாட்டுகள் திரும்பின. மீதியை இன்னொரு முறை விலைபேச யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.